நேரிக்கு ஒரு பட்டம்

தம்பிக்கு,

குவாத்தமாலா நகரத்து உன் சபைக்கு இந்தக் கடிதம் வந்தால் தனியாகப் படி. என் மகனின் குழியருகே நின்று நீ சொன்னது இன்னும் காதில் கிடக்கிறது. "அக்கா, நேரி குடிச்சிட்டு லாரியக் கவுத்துச் செத்தான். மனந்திரும்பல. அவனுக்கு அணையாத நெருப்புதான். நானா சொல்றேன்? வேதம் சொல்லுது."

வெங்காயக்காரி ஹசிந்தா சந்தையில் கேட்கிறாள்: "உங்க போதகர் தம்பி அந்த நெருப்புக்கு விறகும் சுமக்குறாரோ?"

நான் மிளகாய் வியாபாரி. என்னிடம் திருடிய சுமைக்காரனை அடித்துத் துரத்தினேன். மழைக்காலம் வந்ததும் நானே கூப்பிட்டுக்கொண்டேன். எனக்கே அதற்குமேல் தண்டிக்க மனம் வரவில்லை. சில வருடக் குடிக்கு முடிவில்லாத நெருப்பா? அப்படி நிறுக்கும் தராசை எங்கள் சந்தையில் உடைத்துப்போடுவார்கள்.

அனைத்துப் புனிதர் திருநாளில் கல்லறை மேட்டில் அவனுக்குப் பட்டம் விடுகிறேன். செத்தவர்கள் அந்த நூலைப் பிடித்து வீடு வருவார்கள் என்றால் நீ பேய் வழிபாடு என்பாய். நம் வீட்டில் தாய்மாமன்தான் நூல் பிடிப்பான். நீ வரமாட்டாய், ஹசிந்தா பிடிப்பாள்.

ஒன்று மட்டும் சொல். அவனைத் தோளில் தூக்கி வளர்த்தவன் நீ. சொர்க்கத்தில் நீ பந்தியில் உட்காரும்போது கீழே அவன் அலறினால், உனக்குச் சாப்பாடு இறங்குமா? இறங்கும் என்றால், அங்கே எனக்கு இடம் பிடித்து வைக்காதே. நான் என் பிள்ளை இருக்கும் பக்கமே போய்க்கொள்கிறேன்.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்தவள்