இரண்டு எஸ். டேவிட்

கும்மிடிப்பூண்டி,
ஞாயிறு, ஜூன் 8

அன்பு மகள் ஏஞ்சலுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் குட்டியும் சுகமாக இருக்கவேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம். இந்தச் சுகத்தில் பாதிதான் நிஜம், எந்தப் பாதி என்று கீழே வரும், அதற்காகக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, சின்ன வயசில் கதைப் புத்தகத்தையே பின்னாலிருந்து படிக்கிறவள் நீ. தினமும் வீடியோவில் மூஞ்சியைப் பார்க்கிறோம், இதில் கடுதாசி எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ நாலு கேள்வி கேட்கிறாய், அதற்குள் அப்பா நடுவில் தலையை நீட்டி மஸ்கட்டில் வெயில் எப்படி என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார். உங்கள் ஊரிலேயே வேலை பார்க்கிற ஜெரால்ட் லீவு முடிந்து புதன்கிழமை அங்கே திரும்புகிறான், அவன் பையில் நார்த்தங்காய் ஊறுகாயோடு இதையும் வைத்து அனுப்புகிறேன். விஷயம் உன் பிரசவத்தைப் பற்றியது. முடிவை முதலில் சொன்னால் நீ காரணத்தைப் படிக்கமாட்டாய், அழுதுகொண்டு போன் பண்ணுவாய், அதனால் காரணத்தை முதலில் எழுதுகிறேன்.

மார்ச் மாதம் அப்பாவின் கம்பெனியில் ரத்தம் எடுத்தார்கள் அல்லவா, பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்குகிற இடமாச்சே, ஆளுக்கு எவ்வளவு ஈயம் ஏறியிருக்கிறது என்று பார்க்க ஒரு மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். பத்தொன்பது வருஷமாக உலைக்கு முன்னால் நிற்கிற மனுஷன் உன் அப்பா, ஊசிக்கு முன்னால் மட்டும் நிற்கமாட்டார். கையைப் பிடித்துக்கொள்ள நான் கூடப் போனேன். அந்த மீசையை வைத்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஆச்சா ஆச்சா என்று அவர் கேட்ட அழகை நீ பார்த்திருக்கவேண்டும், ஊசி இன்னும் உறையை விட்டே வெளியே வரவில்லை. துணைக்கு வந்த பெண்சாதிகளையும் சும்மா அனுப்பவேண்டாம் என்று ரத்தம் போதுமான அளவு இருக்கிறதா என்று பார்க்கிறோம் என்றார்கள். ஈயம் ஆம்பளைகளுக்கு, சோகை பொம்பளைகளுக்கு. நானும் கையை நீட்டினேன்.

இங்கேதான் கதை கெட்டது. அப்பா கம்பெனி ரெக்கார்டில் எஸ். டேவிட், எஸ் என்றால் உன் தாத்தா சாமுவேல். நான் டி. சாராள், டி என்றால் உன் அப்பா. ஊசி போட்ட பொண்ணு எந்த ஊரோ தெரியாது, புருஷன் பேர் என்ன என்று கேட்டு, என் பேருக்குப் பின்னால் டேவிட்டைப் போட்டு, சின்ன ஸ்டிக்கரில் இடம் போதாமல் சாராளைச் சுருக்கி எஸ் ஆக்கிவிட்டாள். ஆக நானும் எஸ். டேவிட், அவரும் எஸ். டேவிட். கல்யாணம் ஆகி இருபத்தேழு வருஷம் ஆச்சு, இருவரும் ஒருவராய் இருப்பார்கள் என்று பாதிரியார் சொன்னதை அந்தப் பொண்ணு ஒரு ஸ்டிக்கரில் நிறைவேற்றிவிட்டாள். என் ரத்தம் ஈயத்துக்குப் போயிற்று, அவர் ரத்தம் சோகைக்குப் போயிற்று, எங்கள் யாருக்கும் இது தெரியாது.

மூன்று வாரத்தில் ரிசல்ட் வந்தது. எஸ். டேவிட்டுக்கு ஈயம் முப்பத்தாறு, ரொம்ப அதிகம், உடனே உலையிலிருந்து எடுக்கவேண்டும் என்று. நீ அன்றைக்குப் போனில் அப்பாவுக்கு அரை மணி நேரம் புத்தி சொன்னாயே, நர்ஸ் படிப்பு படித்த திமிரில் அவரை வாயைத் திறக்கவிடாமல் திட்டினாயே, அத்தனை திட்டும் எனக்கு வந்து சேரவேண்டியது மகளே. அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள், நாற்காலி கொடுத்தார்கள், தினம் ரெண்டு முட்டை, பால், சத்து மாத்திரை. வீட்டில் உன் அப்பா குழந்தை பெற்றவள் மாதிரி படுத்துக்கொண்டார். நண்டு ரசம் வைத்துக் கொடுத்தேன், முருங்கைக்கீரை பொரித்துக் கொடுத்தேன், பின்னால் தலையணை வைத்தேன். எனக்கு உடம்பு ஒரு மாதிரியா கீதும்மா, எழுந்தா தல சுத்துது என்பார், ஆனால் கிரிக்கெட் என்றால் மட்டும் தலை சுற்றாது. எனக்கு வந்த காகிதத்தில் ரத்தம் பதினைந்து புள்ளி இரண்டு என்று போட்டிருந்தது. நானும் பெருமையாக ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிவைத்தேன்.

அந்தப் பெருமையோடு துணி பிழியும்போது மணிக்கட்டு தொய்ந்து தொய்ந்து விழுந்தது. வயிற்றில் ஒரு பிடி பிடிக்கும், போகும். வாயில் எந்நேரமும் காசைச் சப்பின மாதிரி ஒரு ருசி. வயசாச்சு என்று விட்டுவிட்டேன். உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே, உன் அப்பா படுத்துக்கிடக்கிற வீட்டில் இன்னொரு நோயாளிக்கு இடம் ஏது. போன மாதம் வலி தாங்காமல் துணை சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கே தமிழ்செல்வி என்று ஒரு நர்ஸ் இருக்கிறாள், நீ பார்த்ததில்லை, ரெண்டு வருஷமாக இங்கே இருக்கிறாள், உன்னை விட வாய் ஜாஸ்தி. ஃபிரிட்ஜ் காகிதத்தைப் பெருமையாக நீட்டினேன். அவள் தன் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, யக்கா, தை மாசம் உனுக்கு எட்டு புள்ளி ஒம்போது, ரெண்டு மாசத்துல இன்னாத்த துன்ன, இது ஆம்பள ரத்தம்க்கா என்று சிரித்தாள். சிரித்தவள் அப்படியே நிறுத்திவிட்டு, உன் ஊட்டுக்காரர் பேர் இன்னா என்று கேட்டாள். எஸ். டேவிட் என்று சொல்லும்போதே எனக்கும் விளங்கிவிட்டது.

ரெண்டு பேரையும் சென்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி மறுபடி எடுக்கச் சொன்னாள். அப்பாவுக்குப் பதினெட்டு, எனக்கு முப்பத்தேழு. உலைக்கு முன்னால் நிற்கிறவரை விட ஊட்டில் இருக்கிறவளுக்கு ரெண்டு பங்கு. எப்படி என்று டாக்டரம்மா கேட்டார், நான் என்ன பண்ணுகிறேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அப்பா கம்பெனியில் மாஸ்க் போடுகிறார், முடிந்ததும் அங்கேயே குளித்துவிட்டு வருகிறார், அழுக்கு யூனிபாரத்தைப் பையில் போட்டு என்னிடம் கொடுக்கிறார். நான் அதை உதறு உதறென்று உதறிவிட்டுத்தான் ஊறவைப்பேன். போர்வெல்லில் வருவது மஞ்சள் தண்ணீர், துவைத்த துணியே அழுக்காகும், நல்ல தண்ணீர் லாரியில் ரெண்டு நாளைக்கு ஒருதரம் நாலு குடம், அதில் உதறாமல் ஊறவைத்தால் இன்னொரு குடம் போகும். தண்ணீரை மிச்சம் பிடித்தேன், தூசியை நெஞ்சுக்குள் சேர்த்தேன். எனக்கு யார் மாஸ்க் கொடுத்தார்கள். போதாக்குறைக்கு ரத்தம் குறைந்த உடம்பு ஈயத்தை அதிகமாக இழுக்குமாம். ஏன் ரத்தம் குறைவு என்று கேட்டார், எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் இருப்பதைச் சாப்பிடுவேன் என்றேன், அதையும் எழுதிக்கொண்டார்.

பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். ஒன்று என்றேன். பிறகு என்னவோ தோன்றி, ரெண்டு நிற்கவில்லை என்றும் சொன்னேன். நீ மூன்றாவது படிக்கும்போது ஒன்று, ஐந்தாவது படிக்கும்போது ஒன்று, அப்பா அந்தக் கம்பெனியில் சேர்ந்த பிறகு. உன் அத்தை செவ்வாப்பேட்டையிலிருந்து ரயிலேறி வந்து என் ராசி சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனது உனக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கிறது. டாக்டரம்மா, இதனால்தான் என்று இப்போது சொல்ல முடியாதும்மா, ஆனால் எழுதிவைக்கிறேன் என்றார். இத்தனை வருஷத்தில் அதை ஒரு காகிதத்தில் எழுதிய முதல் ஆள் அவர்தான். பஸ்ஸில் வரும்போது அழுதேன். பக்கத்தில் அப்பாவும் அழுதார். நீ கேட்டால் ஜன்னல் தூசி என்பார், நம்பாதே. வீட்டுக்கு வந்ததும், ரெண்டு மாசமா நான் துன்ன முட்டையெல்லாம் உன்னுதாடி என்று ஒரே பேஜாரு பண்ணிவிட்டார். மறுநாள் காலையிலிருந்து அவரே முட்டை அவித்து எனக்கு முன்னால் வைக்கிறார். நாஷ்டாவுக்கு முன்னால் நான் சாப்பிட்டாக வேண்டும், அதுவரை தட்டைத் தொடமாட்டார். அவிப்பதில் பாதி கல், பாதி கூழ், ஆனாலும் சாப்பிடுகிறேன்.

கம்பெனிக்கும் போனோம். அங்கே ஆபீசில் பரசுராமன் என்பவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, நல்ல செய்திம்மா, டேவிட்டுக்கு ஒண்ணும் இல்ல, திங்கக்கெழமலேந்து உலைக்கு வரலாம் என்றார். சரி, எனக்கு என்றேன். நீங்க எங்க சம்பள ரோல்ல இல்லியேம்மா என்றார். கெட்ட மனுஷன் இல்லை, நாற்காலி போட்டு டீ வாங்கிக் கொடுத்துத்தான் இதைச் சொன்னார். பத்தொம்பது வருசமா உங்க யூனிபாரத்த நான் தொவச்சிக்கினு கீறேனே, அது எந்த ரோலுல வருதுன்னு கொஞ்சம் பாத்து சொல்லுங்க சார் என்று கேட்டேன். அவர், இன்னொரு டீ சொல்லட்டுமா என்றார். நான் வந்து மணியம்மாளிடம் சொன்னேன், எதிர் லைனில் புருஷன் மகன் ரெண்டு பேர் யூனிபாரத்தையும் துவைக்கிறாளே, அவள். அவளிடம் ஒரு விஷயம் சொன்னால் மைக் செட் வேண்டாம். அடுத்த வாரம் நாங்கள் பதினேழு பேர் துவைக்காத யூனிபாரங்களைப் பையில் கட்டி, பைக்கு மேல் அவரவர் பேரை ஒட்டி, கம்பெனி கேட்டில் அடுக்கிவிட்டு வந்தோம். புருஷன் பேர் இல்லை, எங்கள் பேர். சாராள், மணியம்மாள் என்று பெரிசு பெரிசாக. செக்யூரிட்டி இன்னாம்மா இது, லாண்டிரியா என்று கேட்டான், ஆமாம், உங்க முதலாளியுது என்று மணியம்மாள் சொல்லிவிட்டு வந்தாள். நாலு நாள் ஆம்பளைகள் லுங்கியோடு வேலைக்குப் போனார்கள். உன் அப்பா நீலக் கட்டம் போட்டதில் போனார், பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருந்தார். ஐந்தாம் நாள், அங்கேயே துவைக்க மெஷின் போடுகிறோம், பெண்களுக்கும் ஈயம் பார்க்க வைக்கிறோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். மெஷின் இன்னும் வரவில்லை, வந்து சுற்றும்போது நம்புகிறேன். ரத்தம் மட்டும் போன வியாழக்கிழமை எடுத்துவிட்டார்கள். இந்தத் தடவை ரெண்டே நாளில் ரிசல்ட், பதினேழில் பதினோரு பேருக்கு அதிகம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தலைப்பிரசவத்துக்கு நீ வீட்டுக்கு வராதே ஏஞ்சல். எழுதிவிட்டேன். உனக்காக அந்தச் சின்ன அறைக்கு வெள்ளையடித்து, ஃபேன் மாற்றி, தொட்டில் கட்டக் கொக்கி கூடப் போட்டாயிற்று. ஆனால் அந்த அறைச் சுவருக்கு வெளியேதான் துவைக்கிற கல். பத்தொன்பது வருஷம் நான் உதறியது அந்த மண்ணில்தான் கிடக்கிறது. வயிற்றுப் பிள்ளைக்காரிக்கும் தவழ்கிற பிள்ளைக்கும் அந்த மண் ஆகாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார், நீ நர்ஸ், உனக்கு என்னை விடத் தெரியும். பெற்ற பெண்ணைப் பிரசவத்துக்குக் கூட்டிவராத அம்மா என்று ஊர் பேசும், உன் அத்தை ரயிலேறி வந்து பேசுவாள், பேசட்டும். எனக்கு ஒரு முழு நாள் மனசு கேட்கவில்லை, அந்தக் கொக்கியைப் பார்த்துப் பார்த்து அழுதேன், பிறகு அப்பாவை அதில் வாழைத்தார் மாட்டச் சொன்னேன்.

அதற்குப் பதில் நான் வருகிறேன். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாயிற்று. ஏஜெண்ட் பேருக்குப் பின்னால் டேவிட் என்று போடவா என்று கேட்டான், போட்டால் விமானத்தில் உன் அப்பாவைத்தான் ஏற்றுவார்கள் என்று சொல்லிவிட்டேன். சாராள் மட்டும்தான். மாத்திரை சாப்பிடுகிறேன், யூனிபாரத்தைத் தொடுவதில்லை, அடுத்த மாதம் மறுபடி ரத்தம் எடுப்பார்கள், இறங்கும் என்கிறார்கள். நான் அங்கே இருக்கும் மூன்று மாசமும் அப்பா தானே சமைத்துக்கொள்வாராம், முட்டை இருக்கிறதே என்கிறார், கர்த்தர்தான் காப்பாற்றவேண்டும். கடைசியாக அந்த டாக்டரம்மாவிடம் ஒன்று கேட்டேன், அதைக் கேட்கத்தான் அவ்வளவு நேரம் வெளியே உட்கார்ந்திருந்தேன். என் உடம்பில் இவ்வளவு இருக்கிறதே, பிறந்த பிள்ளையை நான் தூக்கலாமா என்று. அவர் என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, தாராளமா தூக்கும்மா, இது தொட்டா ஒட்டறது இல்ல என்றார்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் குட்டிக்கும் கர்த்தருடைய ஆசீர்வாதம் நிறைவாக இருக்கட்டும். இரும்புச் சத்து மாத்திரையை மறக்காதே. சாப்பாட்டில் எல்லாருக்கும் கடைசியாக உட்காராதே, முதலில் உட்கார். இதைப் படித்ததும் அழுதால் அழு, பிறகு போன் பண்ணு, அப்பா தலையை நீட்டினால் நானே தள்ளிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
சாராள்

(இனிஷியல் வேண்டுமென்றே போடவில்லை.)