மிஷினை விற்கும் முன்

தக்கலை,
1934 மார்ச் 9

என் அன்பு மகள் ராஜபாய்க்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அந்த இலங்கை மலைக்குளிரில் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று இரண்டு வேளையும் ஜெபத்தில் உங்கள் பேரைச் சொல்கிறோம். உன் கடிதமும் மாப்பிள்ளை செல்வதாஸ் எழுதிய கடிதமும் ஒரே நாளில் வந்தன. தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் பஞ்சுப் போர்வை தைக்கிறேன், கழுத்தும் தோளும் கொஞ்சம் வலிக்கிறது, இவர் தையல் மிஷினை விற்கப் பார்க்கிறார், வேண்டாம் என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் கேட்பார் என்று நீ எழுதியிருக்கிறாய். மாப்பிள்ளையோ, அவளால் வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை, அவள் முடியை நான்தான் பின்னி விடுகிறேன், ஏப்ரல் முடிவதற்குள் மிஷினை ஹட்டனில் கொடுத்துவிடப் போகிறேன் என்று எழுதியிருக்கிறார். இரண்டையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். 'பிள்ள மறச்சு எழுதியிருக்கா, மருமவன் உள்ளத எழுதியிருக்காரு' என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. உனக்கு என்னிடமே 'கொஞ்சம் வலிக்கிறது' என்று எழுத எப்படி மனம் வந்தது?

இங்கே நல்ல வெயில். கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. மண்டைக்காட்டு அம்மன் கோவில் கொடைக்கு நடந்து போகிற ஜனம் பத்து நாளாக ரோடு நிறைய, மோட்டார் வண்டி கிளப்புகிற புழுதி முழுதும் நம் வீட்டுக்குள்தான். அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, சுருட்டு குறையவில்லை.

உன் விஷயத்துக்கு வருகிறேன். விற்காதே என்றும் விற்றுவிடு என்றும் எழுதுவதற்கு முன் நானே ஒரு போர்வை தைத்துப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். இத்தனை வருஷமாக சபையின் தையல் வகுப்பில் சட்டையும் பாவாடையும் சொல்லிக் கொடுக்கிறேன், பஞ்சுப் போர்வை தைத்ததில்லை. இந்தப் புழுக்கத்தில் யாருக்கு வேண்டும்? அப்பாவின் பழைய வேட்டி இரண்டை எடுத்து நடுவில் இலவம்பஞ்சைப் பரப்பி மிஷினில் வைத்தேன். 'வேனக்காலத்துல எனக்குப் போத்தவா?' என்று அப்பா கேட்டார். இரண்டாம் நாள் மத்தியானம் எனக்கே பிடரி பிடித்துக்கொண்டது. சாப்பிடும்போது அவர் பக்கம் திரும்ப முடியவில்லை, ஆகையால் சுருட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவுமில்லை, மனுஷர் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டார். நான்கு நாள் தைத்ததில் தெரிந்தது என்னவென்றால், போர்வை மேசையின் இடது பக்கம் தொங்குகிறது, அந்தக் கனத்தை ஊசி இழுப்பதில்லை, நம்முடைய தோள்தான் இழுக்கிறது. இடது பக்கத்திலும் மிஷினுக்குப் பின்னாலும் மேசை உயரத்துக்கு ஏதாவது போடு, பெட்டியானாலும் போதும், போர்வை ஒரு முனைகூடத் தொங்கக் கூடாது. மிஷினைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தால் முன்னால் இழு, தைத்த பாகம் போய் விழ இடம் வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தைத்துக்கொண்டு போ, மீதியைப் பாய்போல் சுருட்டி வைத்துக்கொள். துணியைக் கள்ளனைப் பிடிக்கிறதுபோல் இறுக்கிப் பிடிக்காதே, உள்ளங்கையை விரித்து வைத்து நகர்த்தினால் போதும். பாபினில் நூல் தீருகிறபோதெல்லாம் எழுந்து வாசல்வரை நடந்துவிட்டு வா. உட்கார்ந்தபடியே நூலைச் சுற்றி மாட்டிக்கொண்டு அடுத்த வரிக்குப் போகிற பழக்கம் உனக்கு உண்டு, அது என்னிடமிருந்து வந்தது. ராத்திரி உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒற்றடம் வை. கண்டவர்களிடம் தோளைக் கொடுத்து முறுக்கச் சொல்லாதே, ஆஸ்பத்திரி டாக்டரிடமே காட்டு, அவருடைய போர்வைதானே தைக்கிறாய்.

முக்காலி தாழ்ந்திருந்தால் தோள் காதுவரை ஏறிவிடுகிறது. முழங்கை மேசைத் தட்டுக்குச் சரியாக வர வேண்டும், இரண்டு பாதமும் மிதிபலகையில் முழுக்கப் படிய வேண்டும். இதற்காகத் தச்சர் ஏசுஅடிமையைக் கூப்பிட்டு முக்காலிக் காலுக்குக் கட்டை வைக்கச் சொன்னேன். ஒரு விரல்கடை உயர்த்திவிட்டு, தைத்துப் பாருங்கள் என்று வாசலில் நின்று பார்த்தார். பிறகு இன்னொரு விரல்கடை. மூன்றாம் தடவை அவருக்கு அலுத்துப்போய், 'அம்மா, நான் எம்புட்டு ஒசத்தினாலும் நீங்க தலைய ஊசிகிட்டல்லா கொண்டு வைக்கிய, கண்ணு தெரியலியா?' என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குக் கண் நன்றாகத் தெரியும், உம்முடைய வேலை முக்காலியோடு முடிந்தது என்று சொல்லி அனுப்பினேன். அவர் போன பிறகு ஒரு வரி தைத்தேன். தலை நிமிர்ந்துதான் இருந்தது, பிடரியில் இழுப்பு இல்லை. மறந்துவைத்த உளியை எடுக்க அவர் திரும்பி வந்து முற்றத்தில் கால் வைத்தார், என் தலை தானாகக் கவிழ்ந்தது. கவிழ்த்தது நான் இல்லை, ராஜபாய், அது தானாகவே போயிற்று.

அன்றைக்கு அதற்கு மேல் தைக்கவில்லை. நம் மிஷின் வெளிச்சத்துக்காக ரோட்டுப் பக்கத்து ஜன்னலடியில் கிடக்கிறது, புதுக்கடைச் சந்தைக்குப் போகிற ஆண்பிள்ளைகள் எல்லாம் அந்த வழியாகத்தான் போகிறார்கள். உன்னைப் பன்னிரண்டு வயதில் அதன் முன்னால் உட்கார வைத்த நாள் முதல் 'ஏட்டி, தலைய தூக்காத, ரோட்டுல ஆளு போறாவ' என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். நீ ஒருதரம் பிடரி கடுக்கிறது என்றபோதுகூட, இந்த வயதில் என்ன கடுப்பு என்று கேட்டேன். மிஷன் வெள்ளைக்கார மிசியம்மா வந்து பார்த்துவிட்டு எவ்வளவு அடக்கமான பிள்ளை என்று சொன்னதை ஊர் முழுக்கச் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டார் உன்னைப் பார்க்க வந்தபோதும், 'ரோட்டுல ஆனை போனாலும் எனக்க மவ நிமிந்து பாக்க மாட்டா' என்றுதான் பெருமையடித்தேன். இப்போது நீ இருக்கிற இடத்தில் ரோடு இல்லை, ஜன்னலுக்கு வெளியே மஞ்சும் தேயிலையும்தான் என்று எழுதுகிறாய். அங்கேயும் குனிந்துதான் தைக்கிறாய். இதை எழுத எனக்கு வெட்கமாயிருக்கிறது, எழுதாமல் இருந்தால் இன்னும் மோசம். உன் தோளைக் கெடுத்தது மிஷின் இல்லை, நான்.

இதை மாப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டு. அவர் பயந்தது நியாயம், உன் முடியைப் பின்னுகிற மனுஷர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு வாரம் மிஷினைத் தொடாதே, போர்வை பிந்தினால் பிந்தட்டும். பிறகு காலையில் மட்டும், நான் சொன்னபடி உட்கார்ந்து தை. மே மாதம் பிறக்கும்வரை பொறுக்கும்படி அவரிடம் கேட்டுக்கொள்கிறேன். அதற்குள் உன் பின்னலை நீயே போட முடியாமல் போனால் அவர் விற்கட்டும், நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது, நானும் பேச மாட்டேன். எனக்கு மிஷின் பெரிதில்லை.

போன சனிக்கிழமை வகுப்பில் பிள்ளைகளிடம் இனி நிமிர்ந்து தையுங்கள் என்றேன். நான் கோபத்தில் சொல்கிறேன் என்று நினைத்து எல்லாரும் இன்னும் குனிந்தார்கள். ஒவ்வொருத்தியாக நாடியைப் பிடித்து முகத்தைத் தூக்கிவிட வேண்டியதாயிற்று. லீலாபாய் என்று ஒரு பிள்ளை, இரண்டு வருஷமாக வருகிறாள், அவளுக்கு மூக்கின்மேல் ஒரு மச்சம் இருப்பதை அன்றுதான் பார்த்தேன். வீட்டுக்கு நடந்து வரும்போது உன்னை நினைத்தேன். உன் வகிடு எந்த இடத்தில் கோணும் என்று எனக்குத் தெரியும், தைக்கும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்து யோசித்துப் பார்த்தும் வரவில்லை.

கர்த்தர் உன் கையைத் தொட்டுச் சுகமாக்குவாராக, உங்கள் இரண்டு பேரையும் ஒருமனமாய்க் காப்பாராக. அப்பா உங்களுக்குத் தம் ஆசீர்வாதத்தை எழுதச் சொன்னார். மறக்காமல் ஒன்று செய். தோட்டத்துக்குப் படம் பிடிக்கிறவர் வந்தால் மிஷின் முன்னால் உட்கார்ந்து ஒரு படம் எடுத்து அனுப்பு. அன்னிய ஆள் நிற்கிறாரே என்று குனிந்துவிடாதே, அவரை நேராகப் பார்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜெபகனி