அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம்

மச்சான்,

எங்கள் வீட்டு கராஜில் இப்போது இரண்டு பொன்னாடைகள் இருக்கின்றன. முதலாவது, நான்கு வருடமாக டிரெட்மில்லுக்குப் போர்வை. அந்த மெஷினில் நான் ஏறப்போவதில்லை என்பது உறுதியானதும் என் மனைவி ரஸியா செய்த ஏற்பாடு. இரண்டாவது போன சனிக்கிழமை வந்தது. மடித்து, வந்த பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே மறுபடி திணித்து வைத்திருக்கிறேன். பக்கத்தில் போனால் புது பாலியஸ்டரும் ஜரிகையும் கலந்த ஒரு வாடை. ஷவர் கர்ட்டன் வாங்கி மாட்டிய அன்று பாத்ரூமில் அடிக்குமே, அது மாதிரி. இறந்துபோனவர்கள் மற்றவர்களுக்கு மல்லிகையிலும் சந்தனத்திலும் ஞாபகம் வருகிறார்கள். எனக்கு நீங்கள் பாலியஸ்டரில் வருகிறீர்கள். என் யோக்கியதைக்கு அதுதான் கிடைக்கும்.

உங்களுக்குத் தமிழ் படிக்க வராது. உயிரோடிருந்தபோதே வராது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் வடக்கே மீன்வாடை அடிக்கும் ஒரு துறைமுக ஊரில் பிறந்து, ராக் குழு ஒன்றில் பாஸ் கிட்டார் வாசித்து, பாட்டும் எழுதி, கடைசியில் டெக்சஸில், ரிச்சர்ட்சனில், ஒரு தூத்துக்குடி நர்ஸின் கணவராகக் கண்ணை மூடியவர் நீங்கள். நான் காயல்பட்டினத்துக்காரன். ஸ்டெல்லா அக்காவின் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் பஸ்ஸில் ஒரு மணி நேரம். அமெரிக்காவில் அது கூடப்பிறந்ததற்குச் சமம். அவர் அக்கா ஆனதால் நீங்கள் மச்சான் ஆனீர்கள். மச்சான் என்றால் என்ன என்று கேட்டீர்கள். அக்காவின் புருஷன், எல்லாரும் கேலி செய்யலாம் என்றேன். “நான் இருந்த குழுக்களில் எனக்குக் கிடைத்த பெரிய பதவி இதுதான்” என்றீர்கள். அன்றுமுதல் எங்கள் தமிழ்ச் சங்கத்தில் எண்பது வயது ஆன்ட்டிகளுக்கும் நீங்கள் மச்சான்தான்.

உங்கள் கதை எனக்குத் தெரியவந்தது ஒரு பலசரக்குக் கடையில். காப்பெலில் என் வீட்டருகே இருக்கிற பெரிய கடை. கூரையிலிருக்கும் ஸ்பீக்கரில் ஏதோ பழைய ஆங்கிலப் பாட்டு ஓடியது. நீங்கள் தயிர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டீர்கள்.

“என்ன மச்சான், எக்ஸ்பைரி டேட் பாக்கறீங்களா?”

“இல்லை. இது என் பாட்டு” என்று மேலே கைகாட்டினீர்கள்.

நான் சிரித்தேன். நரைத்த குடுமியும் கையில் தயிருமாக நிற்கிற ஒரு மனிதர் கூரையைக் காட்டி இது என்னுடையது என்றால் வேறென்ன செய்வது? அந்தச் சிரிப்பை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன் மச்சான். போன சனிக்கிழமை அது வட்டியில்லாமல் எனக்கே திரும்பி வந்தது.

செல்போனில் தேடினேன். பாடல், குழுவின் பாடகர். இசை, அதே பாடகர். “இதுல உங்க பேரே இல்லையே” என்றேன், பிழை கண்டுபிடித்த பெருமையோடு. இருபது வருடமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருப்பவன். அடுத்தவர் செய்த தப்பு என்றால் எனக்கு நெய் மணக்கும்.

அப்போதுதான் சொன்னீர்கள். பாட்டு முழுவதும் நீங்கள் எழுதியது, உங்கள் அம்மாவின் சமையலறை மேஜையில். ரெக்கார்டு அச்சாகி வந்தபோது உறையில் உங்கள் பெயர் இல்லை. கம்பெனி மேனேஜரிடம் போய்க் கேட்டீர்கள். அவர் தோளில் தட்டி, “அச்சுப்பிழை தம்பி. அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம்” என்றாராம்.

“எனக்கு இருபத்திரண்டு வயது. அடுத்த பதிப்பு என்று ஒன்று இருக்கிறது என்று நம்புகிற வயது.”

பதிப்புகள் வந்துகொண்டுதான் இருந்தன. உறையின் நிறம் மாறியது, பாடகரின் தலைமுடி மாறியது, அப்புறம் அவருக்குத் தலைமுடியே இல்லாமலும் போனது. உங்கள் பெயர் மட்டும் வரவில்லை. மூன்றாம் முறை கேட்டபோது வேறு பாஸ் வாசிப்பாளரைப் போட்டுவிட்டார்கள். பிறகு நீங்கள் உல்லாசக் கப்பல்களில் வாசித்தீர்கள். யாரோ ஒரு கன்ட்ரி பாடகரின் வேனில் ஏறி டெக்சஸ் வந்தீர்கள். டல்லாஸ் ஆஸ்பத்திரியில் பித்தப்பையை எடுத்தார்கள். “பித்தப்பையை வாங்கிக்கொண்டு ஸ்டெல்லாவைக் கொடுத்தார்கள். என் வாழ்க்கையில் நியாயமாக நடந்த ஒரே கொடுக்கல் வாங்கல்.” அதன்பின் ரிச்சர்ட்சனில் ஒரு கடையில் மற்றவர்களுடைய கிட்டார்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

கடையில் பில் போட்ட பெண் அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே, “நல்ல பாட்டு, யாருடையது?” என்று கேட்டாள். நீங்கள் “தெரியவில்லையே” என்றீர்கள். கார் நிறுத்துமிடத்தில் என்னிடம் சொன்னீர்கள்: “எனக்கு அதில் வேறு எதுவும் வேண்டாம். பெயர் மட்டும் இருந்திருக்கலாம்.”

இவ்வளவையும் கேட்டவன் நான். அந்த டிசம்பரில் எங்கள் சங்கத்துக்கு வெள்ளி விழா.

விழாப் பாட்டு எழுதும் பொறுப்பு என் தலையில். எழுதினேன். ‘அமுதே’ மூன்று இடத்தில், ‘குமுதே’ ஒரு இடத்தில். அதற்குமேல் என்னைக் கேட்காதீர்கள். மெட்டுதான் வரவில்லை. உங்களை ஏற்றிக்கொண்டு ஃப்ரீவேயில் போகும்போது, வழக்கம்போல லேன் மாறிவிட்டு இண்டிகேட்டரை அணைக்க மறந்திருந்தேன். டிக், டிக், டிக். மூன்று மைல் தூரம் நீங்கள் அதையே கேட்டுக்கொண்டு வந்தீர்கள். நான் சுதாரித்து அணைக்கப் போனபோது, “போதும்மா! தொடாதே!” என்று கத்தினீர்கள். உங்களுக்குத் தெரிந்த பத்துத் தமிழ் வார்த்தைகளில் ஒன்று அந்தப் போதும்மா; அக்கா சோறு போடும்போது பழகியது. இண்டிகேட்டரின் தாளத்துக்கு முழங்காலில் விரலால் தட்டித் தட்டி, எக்ஸிட் வருவதற்குள் மெட்டு முழுவதையும் முடித்துவிட்டீர்கள். என் குமுதேகூட அதில் உட்கார்ந்தபோது அர்த்தமுள்ள வார்த்தை மாதிரி இருந்தது.

ஆறு வாரம் பிள்ளைகளுக்குப் பாடிக்காட்டினீர்கள். என் மகள் நஸ்ரினும் அந்தக் கோரஸில் இருந்தாள்.

விழா மலருக்கு ஆசிரியர் நான். ‘பாடல்’ என்று போட்டு என் பெயரையும் ‘இசை’ என்று போட்டு உங்கள் பெயரையும் அடித்து, தலைவர் பாஸ்கருக்கு அனுப்பினேன். உடனே போன்.

“தப்பா எடுத்துக்காதீங்க பாய். மியூசிக் ஒரு ஃபாரினர்னு போட்டோம்னு வைங்க, நம்மாளுங்க வாட்ஸாப்ல கிழிச்சி தொங்கவிட்ருவாங்க. தமிழன்ல ஒருத்தனும் கெடைக்கலையாம்பாங்க. இப்போதைக்கு ரெண்டும் உங்க பேர்லயே இருக்கட்டும். நெக்ஸ்ட் இயர் மலர்ல கரெக்ட் பண்ணிக்கலாம்.”

டெக்சஸில் உட்கார்ந்துகொண்டு ஒரு வெள்ளைக்காரரை ஃபாரினர் என்று சொல்ல எங்களால்தான் முடியும். அந்த நகைச்சுவை அப்போதே எனக்கு உறைத்தது. கூடவே, அவர் சொன்ன வாக்கியத்தை நான் ஏற்கெனவே எங்கே கேட்டேன் என்பதும் உறைத்தது. நான் சண்டை போட்டேன் என்று எழுத ஆசைதான். “சரி பாஸ்கர்” என்றேன். உங்கள் பெயரை அழித்த விரலும் என்னுடையதுதான்.

உங்கள் படத்தை மட்டும் விட்டுவைத்தோம். வேட்டி கட்டி, கிட்டாரோடு நிற்கும் படம். ‘வேட்டி கட்டிய வெள்ளைக்கார மச்சான்! காணத் தவறாதீர்கள்!’ என்று அதன்கீழ் ஒரு வரி. அதை எழுதியதும் நான்தான். எல்லாரும் கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது என்றார்கள்.

விழாவில் பாட்டு முடிந்ததும் அரங்கம் எழுந்து நின்றது. பாஸ்கர் மைக்கில் என் பெயரைச் சொல்லி, “பாட்டெழுதி இசையமைத்த நம் பாய்” என்று பொன்னாடை போர்த்தினார். நான் குனிந்தேன். அவருக்கு எட்டவில்லை என்று இன்னும் கொஞ்சம் குனிந்தேன். அப்படிக் குனிந்திருக்கும்போது, தோளுக்கும் ஜரிகைக்கும் இடையே உங்களைப் பார்த்தேன். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நின்று ஒரு கம்பியைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தீர்கள். நிகழ்ச்சி முடிந்துவிட்டது மச்சான். இனி வாசிக்க ஒன்றுமே இல்லை. எதற்குச் சுருதி சேர்த்தீர்கள்?

வீடு திரும்பும்போது காரில் மலரைப் புரட்டினீர்கள். தமிழ் தெரியாவிட்டால் என்ன, நீங்கள் தேடியது ஆங்கில எழுத்தில்தானே இருக்கும். தேடி முடித்து மூடி, மடியில் வைத்துக்கொண்டீர்கள்.

“அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்வார்களாமா?”

நான் லேன் மாறினேன். நீங்கள் மெதுவாகச் சிரித்தீர்கள். அப்புறம் பிரியாணி நன்றாக இருந்தது என்றீர்கள்.

அடுத்த வருட மலரில் ஸ்பான்சர் பக்கங்கள் அதிகமாகி இடமில்லை என்றார் பாஸ்கர். அதற்கடுத்த வருடம் கமிட்டி மாறியது. புதுக் கமிட்டிக்கு விஷயமே தெரியாது, நான் தெரிவிக்கவும் இல்லை. நியூஜெர்சியிலிருந்து, பிஸ்கட்டவே தமிழ்ச் சங்கத்தில் போன் செய்து, “அந்தப் பாட்டை எங்க ஃபங்ஷன்ல பாடலாமா சார், பெர்மிஷன் வேணும்” என்றார்கள். பெருந்தன்மையாகக் கொடுத்தேன். கலிஃபோர்னியாவில், பே ஏரியாவில் ஒருவர் என்னை இசையமைப்பாளர் என்று அறிமுகம் செய்தபோது, திருத்துவதற்காக வாயைத் திறந்து, அந்த வாயில் ஒரு வடையைப் போட்டுக்கொண்டேன். வீட்டில் நஸ்ரின் மட்டும் ஒருநாள் போனிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னாள்: “வாப்பா, யூ நோ தட்ஸ் அங்கிள்ஸ் சாங், ரைட்?” ஹோம்வொர்க் முடித்தாயா என்று கேட்டேன்.

நீங்கள் ஞாயிறுதோறும் வந்துகொண்டுதான் இருந்தீர்கள். என் தயிர்சாதத்தைப் புகழ்ந்தீர்கள், என் ஜோக்குகளுக்குச் சிரித்தீர்கள். மன்னித்துவிட்டீர்கள் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். இதயம் நின்று நீங்கள் போன மறுவாரம், சர்ச்சிலிருந்து திரும்பும் வழியில் அதை அக்காவிடம் சொல்லியும் தொலைத்தேன்.

“மச்சான் பெரிய மனசுக்காரருக்கா. என்னைய மன்னிச்சிட்டாரு.”

“மன்னிச்சாவன்னு யாரு சொன்னா தம்பி?” என்றார் அக்கா, ஜன்னல் பக்கம் பார்த்தபடி. “அவியளுக்குப் பழகிப் போச்சு. அம்புட்டுதான்.”

அந்த வார்த்தைதான் என்னைப் போன சனிக்கிழமை மைக் பக்கம் தள்ளியது. ஆண்டு விழா. பிள்ளைகள் பாட்டைப் பாடி முடித்தார்கள். அடியில் உங்கள் பாஸ் கிட்டார் இல்லாமல் அது கால் இல்லாத நாற்காலி மாதிரி ஆடியது. கைத்தட்டலில் அது யாருக்கும் தெரியவில்லை. எழுதிவைத்த பேச்சு எதுவும் இல்லாமல் ஏறினேன்.

“இந்தப் பாட்டுக்கு மெட்டுப் போட்டது நான் இல்லீங்க. நாலு வருஷமா உங்ககிட்ட பொய் சொல்லிருக்கேன். இதைப் போட்டது நம்ம வெள்ளைக்கார மச்சான். என் கார் இண்டிகேட்டரைக் கேட்டுப் போட்டாரு.”

அரங்கம் வெடித்துச் சிரித்தது. இருபது வருடமாக இந்த மேடையில் கோமாளி வேலை பார்ப்பவன் நான். இண்டிகேட்டர் என்ற வார்த்தையோடு என் வாக்குமூலம் செத்தது. “இல்லீங்க, சத்தியமா!” என்றேன். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. முன்வரிசையில் ஒரு ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாஸ்கர் மேடையேறி மைக்கைப் பிடுங்கி, “பாத்தீங்களா, மறைஞ்ச நண்பருக்குத் தன்னோட க்ரெடிட்டையே விட்டுக்கொடுக்கறாரு நம்ம பாய்! இதான் தன்னடக்கம்!” என்று இன்னொரு பொன்னாடையைப் போர்த்தினார். அடுத்த நிமிடம் டின்னர் ரெடி என்று அறிவித்தார்கள். அரங்கம் காலி.

மறுநாள் மதியம் அந்தப் பொன்னாடையை எடுத்துக்கொண்டு ரிச்சர்ட்சன் போனேன். அக்கா சமையலறையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

“இது என்னத்துக்கு தம்பி? குளிருக்குக்கூட ஆவாதே.”

“மச்சானுக்கு வரவேண்டியதுக்கா. எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். ஒருத்தனும் நம்பல.”

“என்னன்னு சொன்ன?”

வார்த்தை மாறாமல் சொன்னேன். கத்தி நின்றது.

“பேரு?”

“என்னக்கா?”

“அவியளுக்குப் பேருன்னு ஒண்ணு இருக்கில்லா. அதச் சொன்னியா?”

நான் சொல்லவில்லை மச்சான். பொய்யை ஒப்புக்கொள்ள நாலு வருடம் எடுத்துக்கொண்டவன், ஒப்புக்கொண்ட அன்றும் உங்கள் பெயரைச் சொல்ல மறந்தேன். மச்சான் என்றேன், வெள்ளைக்கார என்றேன். அந்த அரங்கத்தில் முந்நூறு பேர் உங்களுக்காகக் கைதட்டியிருக்கிறார்கள். உங்கள் முழுப்பெயர் தெரிந்த ஒருவர்கூட அதில் கிடையாது.

“அடுத்த வருஷம் கண்டிப்பா...” என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்த வாய் அங்கேயே நின்றது. அக்கா என்னைப் பார்த்து மெதுவாகச் சிரித்தார். காரில் நீங்கள் சிரித்த சிரிப்பு அது. உங்கள் வீட்டில் அதை யாரிடமிருந்து யார் கற்றீர்கள் என்று தெரியவில்லை. பிறகு மீனைக் கழுவப் போய்விட்டார். பொன்னாடையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். அது எப்படி என் கராஜுக்கு வந்தது என்பதற்கு அவ்வளவுதான் வரலாறு.

உங்கள் இறுதித் திருப்பலியில் கொடுத்த சின்ன அட்டை என் காரில், சன் வைசரில் செருகி இருக்கிறது. முதற்பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர், ஒரு எழுத்துகூடப் பிழை இல்லை. சர்ச் ஆபீஸில் உங்களை முன்பின் பார்த்திராத யாரோ அடித்திருக்கிறார்கள். இந்த மடலில் அந்தப் பெயரை நான் எழுதவில்லை. எழுதிவிட்டால் சொல்லியாகிவிட்டது என்று நிம்மதியாகிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். முதலில் மைக்கில், பிறகுதான் காகிதத்தில்.

இப்போதைக்குச் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அட்டையைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லிப் பழகுகிறேன். நடுப்பெயரில் நாக்கு இன்னும் இடறுகிறது. இண்டிகேட்டர் அதுபாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கிறது. பின்னால் வருகிறவர்கள் பொறுமையாக இடம் விட்டு வருகிறார்கள், நான் எந்த நிமிடமும் திரும்பிவிடுவேன் என்று நம்பி.