இடப்பக்கம்

2025 ஆகஸ்டு 17, ஞாயிறு, காலை மணி 10.20. மேசையில் ஹெட்போன் மூன்று, ஆம்ப்ளிபையர் இரண்டு, ஒயர் ஏழு. பழுதானது ஒன்றுகூட இல்லை.

பெர்த்திலிருக்கும் கென்னத்துக்கு, பாசிர் கூடாங்கிலிருந்து திருச்செல்வம் எழுதுவது. நலமா என்று கேட்க எனக்கு முகமில்லை. வாட்ஸ்அப்பில் என்னை நீ பிளாக் செய்தது சரிதான். அதனால்தான் இந்தத் தாளும் பேனாவும். கிழித்துப்போடுவதென்றால் படித்துவிட்டுக் கிழி.

ஹெட்போனில் கேட்டால் பாடுகிறவர் குரல் நடுவில் நிற்காமல் வலப்பக்கம் ஒதுங்கி நிற்கிறது, என் ஆம்ப் செத்துவிட்டது என்று உன்னிடம் புலம்பினேன். ஈஸ்டருக்கு வந்த நீ உன்னுடையதையே கூலாயில் உன் அம்மாவிடம் எனக்காக விட்டுப் போனாய். மாட்டினேன். அதிலும் வலப்பக்கம்தான். ஒயரை மாற்றினேன். ஹெட்போனை மாற்றினேன். புது ஹெட்போன் இருநூறு மணி நேரம் பாடினால்தான் 'திறக்கும்' என்று இணையத்தில் எவனோ எழுதியிருந்தான். மின்சாரம் படித்த நான் அதையும் நம்பி, ஆளில்லாத அறையில் எட்டு நாள் பாடவிட்டேன்.

அதன் பிறகுதான் உனக்கு அந்த மெசேஜ். 'ஓட்டை சாமான என் தலையில கட்டிட்டியேடா.' அதோடு விட்டேனா? கூலாய்க்கே போய், உங்கள் மகன் இப்படிச் செய்துவிட்டான் என்று அமலோற்பவம் ஆன்ட்டியிடமும் சொன்னேன். "அவன் அப்படிக் குடுக்க மாட்டான்யா, இன்னொரு தடவ பாத்துச் சொல்லேன்" என்றார். "படிச்சவன் நான், எனக்குத் தெரியாதா?" என்றேன். அவர் கலக்கி வைத்த டீயைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

நேற்று லோஷினி என் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான லா கேக்குது, உங்களுக்கு என்னாதான் பிரச்சன?" என்றாள். உனக்கு என்ன தெரியும் என்று கட்டிய மனைவியிடமே கத்தினேன். அவள் ஹெட்போனை இடவலம் திருப்பி என் தலையில் மாட்டிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

பாடுகிறவர் அப்போதும் வலப்பக்கமே நின்றார்.

பிளாண்டில் ஒரு மீட்டர் தப்பாகக் காட்டினால் முதலில் என்ன செய்வோம்? பக்கத்து மீட்டரோடு இடம் மாற்றிப் பார்ப்போம். பழுது கூடவே போனால் மீட்டர் கெட்டது. அங்கேயே நின்றால் மீட்டர் மேல் குற்றமில்லை. புதிதாகச் சேரும் பையன்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவனே நான். ஐந்து மாதமாக என் மேசையில் அதைச் செய்யவில்லை.

கெட்டது என் இடது காது. ஆறு வருடமாகக் கம்ப்ரஸர் பக்கத்தில் வாக்கிடாக்கி கேட்க வேண்டுமென்று இடது காதின் இரைச்சல் அடைப்பானை மட்டும் கழற்றி வைத்தேன். நல்ல புத்திசாலித்தனம்.

இதைவிட அசிங்கம் ஒன்று உண்டு. மார்ச்சில் கம்பெனி காது பரிசோதனை. கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். இடது காதுக்கு வந்தபோது ஒன்றும் கேட்கவில்லை. வெளியே இருந்த பெண் ஒவ்வொரு தடவை சத்தம் அனுப்பும்போதும் அவள் தோள் லேசாக அசைந்தது. தோளைப் பார்த்துப் பார்த்து அழுத்தினேன். 'நார்மல்' என்று எழுதிவிட்டார்கள். உண்மை தெரிந்தால் பிளாண்டிலிருந்து தூக்கி ஆபீசில் பைல் அடுக்க வைத்துவிடுவார்களோ என்ற பயம். ஆக, மார்ச்சிலேயே எனக்குத் தெரியும், கென்னத். தெரிந்துதான் உன் ஆம்ப்பைக் குறை சொன்னேன். அது கெட்டுப்போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இனி செய்யப்போவது:

1. நாளை சேப்டி ஆபீசரிடம் நடந்ததைச் சொல்லி மறுபரிசோதனை கேட்பேன். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு உட்காருவேன். ஆபீஸ் என்றால் ஆபீஸ்.

2. பிளாண்டுக்குள் காலை வைத்தால் இரண்டு காதிலும் அடைப்பான்.

3. சனிக்கிழமை கூலாய். ஆன்ட்டியிடம் நேரில் மன்னிப்புக் கேட்பேன். டீ கொடுத்தால் குடிப்பேன். கொடுக்காவிட்டால் அதுவும் நியாயம்தான்.

4. லோஷினியிடம் இன்றே. இது எல்லாவற்றையும்விடக் கஷ்டம்.

5. நீ கிறிஸ்துமஸுக்கு வந்தால் சாவியை உன்னிடம் தந்துவிடுவேன், காரை நீ ஓட்டு. நான் ஓட்டினால் நீ என் இடப்பக்கம் உட்கார வேண்டிவரும், திட்டுவதில் பாதி கேட்காது. எனக்கு முழுதாகக் கேட்க வேண்டும். வாடா.

திரு