பருத்திமாருக்கு நீ எழுதிய வரி

என் கூடப்பிறந்த ராசா,

நீ கண்ணை மூடி நாலு மாதம் ஆகிறது. உன் செல்லும் நோட்டும் என்னிடம்தான் இருக்கின்றன. அருப்புக்கோட்டை பஞ்சுக்கடையில் வேலை முடிந்து திருச்சுழி வரும் பஸ்ஸிலேயே செல்லை எடுத்து இணைய அகராதிக்கு வார்த்தைகள் போடுவாயே, அதற்காக எழுதி வைத்த நோட்டு. ஒவ்வொரு வார்த்தைக்கும் பழைய பாட்டில் ஒரு வரி, எந்த நூல், எத்தனையாவது பாட்டு. நான் அஞ்சாவதோடு நின்றவள். பாட்டு புரியாது, எண் புரியும்.

போன வாரம் அந்த அகராதியைப் பார்த்துக்கொள்ளும் அம்மா போன் பண்ணினார். "உங்க தம்பி குடுத்ததுல பருத்திமார்ங்கிற வார்த்தைக்கு மட்டும் பாட்டு நம்பர் இல்லம்மா. நோட்டுல இருக்கான்னு பாருங்களேன்."

பார்த்தேன். மற்ற பக்கமெல்லாம் அடித்தல் இல்லாமல் சுத்தம். இதில் நூல் பெயரே இல்லை. ஒரே வரியை மூன்று தடவை அடித்து எழுதியிருந்தாய். முதலில் 'அக்கா' என்று இருந்தது. அதை அடித்து 'மங்கை' என்று போட்டிருந்தாய். புத்தகத்தைப் பார்த்து எழுதுகிறவன் எதற்கு அடிக்கிறான்? நீயே கட்டிய வரி அது.

"பழைய பாட்டுல இல்லாட்டி பேச்சு வழக்குன்னு ஒதுக்கிருவாக யக்கா" என்று ஒருநாள் சொன்னாய். "ஏலே, பருத்திமாருன்னா காய்ஞ்ச பருத்திச்செடிதான, அடுப்புல வச்சு எரிக்கிறதுக்குப் பாட்டு எதுக்கு?" என்று சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அப்போதே கவனித்திருக்க வேண்டுமோ?

நம்பர் கிடைக்கவில்லை என்று சொல்லியிருந்தால் அந்த வரியை மட்டும் எடுத்திருப்பார்கள். உன் பெயருக்கு ஒரு கெடுதலும் வந்திருக்காது. இரண்டு நாள் அப்படித்தான் சொல்ல நினைத்தேன். ஆனால் பழம்பாட்டு என்று நம்பி யாராவது எடுத்து எழுதியிருந்தால்?

"அது அவன் சொந்தமா கட்டுனதும்மா" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா, "அப்ப அவரு குடுத்த எல்லாத்தையும் சரிபாக்கணுமே" என்றார்.

"பாருங்க. நான் வாசிக்கிறேன்."

இப்போது தினமும் சாயங்காலம் போனில் வாசிக்கிறேன். அவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கிறார். இதுவரை எல்லாம் சரி. பருத்திமாருக்குப் பேச்சு வழக்கு என்று போட்டாயிற்று. நாம் பேசுவதுதானே, அதில் என்ன குறைச்சல் கண்டாய்?

இன்னும் பாதி நோட்டு இருக்கிறது. கடைசிப் பக்கம் வரைக்கும் வாசிப்பேன். இன்னொரு வரி இப்படி வந்தாலும் மறைக்க மாட்டேன்.

உனக்கு மூத்தவள்