சுருங்க மறுத்த குடைகள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

போன புதன்கிழமை நீ பாடத்தின் நடுவிலேயே வகுப்பை விட்டு வெளியே வந்து, வராந்தாவில் நின்றபடி அம்மாவுக்குப் போன் செய்து, இந்த வேலையே வேண்டாம், வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று அழுதாய். அதிலிருந்து இந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. மற்றபடி நானும் அம்மாவும் நலம், கடையும் நலம், மழை பெய்தால் இன்னும் நலமாக இருக்கும். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருந்தது, உன் போன் வந்த பிறகு மறுபடி படியேறும்போது முனகுகிறாள், எனக்குக் கேட்கவேண்டும் என்றே கொஞ்சம் கூடுதலாக. நமக்குப் பை தைத்துக் கொடுக்கும் தையல்காரர் கண் ஆபரேஷன் முடிந்து வந்து என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்ன முதலாளி, இவ்வளவு நரைச்சுட்டீங்களா, யாரும் சொல்லவே இல்லையே" என்றார். கண் நன்றாகத் தெரிகிறது போலிருக்கிறது.

நீ கரும்பலகைப் பக்கம் திரும்பினால் வகுப்பே வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று ரீங்காரம் போடுகிறதாம், நீ இந்தப் பக்கம் திரும்பினால் அத்தனை பேரும் கல்லுப்பிள்ளையாராம். யார் என்று கேட்டபோது உன் குரல் உடைந்ததாம், கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் அந்த உடைந்த குரலையே திரும்பப் பேசிக் காட்டினானாம். அம்மா இதை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு, "மீசை முளைக்காத பயலுங்க, என் பொண்ணை அழ வச்சுட்டாங்களே, இங்கிலீஷ் ஒண்ணுதான் அவனுங்களுக்குக் குறைச்சல்" என்று கொதித்தாள். எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்பு வந்தது. தப்பாக எடுத்துக்கொள்ளாதே. எனக்கு உன்னுடைய பதினைந்து வயது ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது நம் கடை இன்றைய கடையில் பாதிகூட இல்லை. கூரைக் கொக்கியில் குடைகள் வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்கும், அடியில் பெட்டிமேல் உட்கார்ந்து நீ வீட்டுப்பாடம் எழுதுவாய். எழுதுவதைவிடக் கடைப் படிக்கட்டில் ஏறி இறங்குகிறவர்களைப் போலப் பேசிக் காட்டுவதுதான் அதிகம். உங்கள் இங்கிலீஷ் டீச்சருக்கு நீ வைத்த பெயர் கமா மிஸ், வார்த்தைக்கு வார்த்தை நிறுத்திப் பேசுவதால். அவர் அழுத்திப் பேசினால் முதல் பெஞ்சில் சாரல் அடிக்கும் என்று நீ ஒரு நாள் கண்டுபிடித்தாய். மறுநாள் அவர் வாயைத் திறந்ததும் முதல் பெஞ்ச் முழுக்கக் குடையை விரித்தது. எல்லாம் நம் கடைக் குடை. நல்ல குடையில் கைவைத்தால் நான் மோப்பம் பிடித்துவிடுவேன் என்று, பழுது என்று திரும்பி வந்த மூட்டையிலிருந்து எடுத்துப் போயிருக்கிறாய். அங்கேதான் நீ கோட்டைவிட்டாய். அந்த மூட்டையில் இருந்ததெல்லாம் விரித்தால் சுருங்காத குடைகள்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட, பாதி ஷட்டரை இறக்கிவிட்டு ஓடி வந்தேன். வகுப்பு வாசலில் பார்த்தால் குடைகள் அப்படியே விரிந்து நிற்கின்றன, பிடித்திருந்தவர்கள் திருதிருவென்று முழிக்கிறார்கள். விரித்தவர்கள் சுருக்காமல் யாரும் வெளியே போகக்கூடாது என்று கமா மிஸ் சொல்லிவிட்டாராம். சுருக்கும் வித்தை உனக்கு மட்டும்தான் தெரியும். உன்னை மேடையில் நிறுத்தி, "கை, ரெண்டும், பின்னால. வாய், மட்டும். அதுவும், இங்கிலீஷ்ல" என்றார். நீ, "புஷ்... இல்லடி, மேல, மேல..." என்றதும் வகுப்பே "இங்கிலீஷ், இங்கிலீஷ்" என்று கத்தியது. உனக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஃபர்ஸ்ட் அப்! தென் பிரஸ் த பின்! நாட் தட் ஒன், த லிட்டில் ஒன்!" என்று நீ தொண்டை கிழியக் கத்த, ஒருத்தி கொண்டையூசியால் நெம்ப, முதல் குடை சுருங்கியது. அதற்கு விழுந்த கைதட்டல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. கடைசிக் குடை சுருங்குவது போல் சுருங்கி மறுபடி படாரென்று விரிந்து உன் வாயாடித் தோழியின் மூக்கில் இடித்தது. கமா மிஸ் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். திட்ட வந்த நான் வந்த வேலையை மறந்துவிட்டேன்.

இதுவரை உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று. எல்லாரும் போன பிறகு வராந்தாவில் அவர் என்னிடம், "நேத்தே வீட்ல சொல்லிட்டேன் சார், இந்த வேலை எனக்கு ஆகாதுன்னு. குடை விரிஞ்சதும், சரி, இதுதான் கடைசி வகுப்புன்னு முடிவு பண்ணினேன். அப்புறம் பார்த்தா அது சுருங்க மாட்டேங்குது" என்றார். தண்ணீர் டம்ளரைக் குடிக்காமலே பிடித்துக்கொண்டு நின்றார். "உங்க பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்க, தலைமேல ஏறி உட்கார்ந்துக்குவா" என்றார். அன்று சொல்லவில்லை. இன்று நீ அவர் டம்ளரோடு நின்ற இடத்தில் நிற்பதால் சொல்கிறேன். அவர் வேலையை விடவில்லை. அடுத்த வாரமே அவர் வகுப்பில் நீ வேறு சேட்டை செய்தாய், அதையும் மறைக்கவில்லை. ஒரே நாளில் யாரும் திருந்தவில்லை.

உன் பிள்ளைகளின் ரீங்காரத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. கடை அனுபவம் மட்டும் உண்டு. கூட்டமாக வருகிறவர்களில் சரக்கை ரொம்பக் கிண்டல் செய்கிறவன்தான் அதைக் கையில் வாங்கிப் பார்க்க ஏங்குகிறவன். குடையை நாம் விரித்துக் காட்டினால் வேடிக்கை பார்ப்பான், அவன் கையில் கொடுத்து விரிக்கச் சொன்னால் நின்று பேசுவான். உன் குரலை அச்சு அசலாகப் பேசிக் காட்டிய அந்தக் கடைசி பெஞ்சுக்காரனுக்குக் காது நன்றாக இருக்கிறது, அதுவும் உன் இங்கிலீஷைக் கேட்கிற காது. இதற்குமேல் எழுதினால் அம்மா அடித்துவிடுவாள், இதை அவள் படித்துப் பார்த்துத்தான் உறையில் போடப் போகிறாள்.

தொண்டையைப் பார்த்துக்கொள், வெந்நீர் குடி. நீ எங்கே நின்றாலும் தலை நிமிர்ந்து நிற்கவேண்டும் என்பதே எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: உன்னை வரச் சொல்வதா, இருக்கச் சொல்வதா என்று நானும் அம்மாவும் இரண்டு நாள் பேரம் பேசினோம். "குடை வித்த புத்தியை என்கிட்ட காட்டாதீங்க" என்று அவள் கடைசிவரை இறங்கவில்லை. முடிந்தது இப்படி: பள்ளி ஆண்டு முடியும்வரை அவள் போனில் 'வா' என்று சொல்லக்கூடாது, நான் கடிதத்தில் 'இரு' என்று எழுதக்கூடாது. உன் அறையில் நான் அடுக்கியிருக்கும் மழைக்கோட்டு மூட்டைகளை, நீ வந்தாலும் வராவிட்டாலும், இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் நானே காலி செய்யவேண்டும். ஒத்துக்கொண்டேன்.