ராட்டினத்தில் ஏறிய பெண்கள்

பிளெய்ன்ஸ்பரோ,
ஆகஸ்ட் 1997

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் கோவை போய்ச் சேர்ந்ததை மாமா போனில் சொன்னார். உங்கள் பேத்தி வெண்பா நலம்.

நீங்கள் இங்கே வந்திருந்தபோது மியூசியத்தில் நாம் பார்த்த படம் நினைவிருக்கிறதா? செம்புத் தகட்டில் கீறி அச்சிட்ட பழைய படம். நியூயார்க் கடற்கரையில், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த கேளிக்கை. ராட்டினத்தில் பெண்கள் தொப்பி பறக்க, வாய்விட்டுச் சிரிக்கிறார்கள்.

"ஏன் அம்மிணி, இத்தனை பேர்ல புருசனைப் பறிகொடுத்தவ ஒருத்திகூடவா இருக்க மாட்டா?" என்று கேட்டீர்கள்.

"எப்படித் தெரியுங்க அத்தை?"

"அதத்தான் சொல்றேன். சிரிக்கறப்ப யாருக்குத் தெரியுது? இனி புள்ளைய ஏத்திவிட்டுட்டு, கைப்பையப் புடிச்சுக்கிட்டுக் கீழ நிக்காத. நீயும் ஏறு."

உங்கள் மகன் போன பிறகு எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். ஏறு என்று சொன்னவர் நீங்கள் மட்டும்தான். சொல்லிவிட்டு நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததையும் பார்த்தேன்.

போன ஞாயிறு வெண்பாவோடு கடற்கரைக்குப் போய் ராட்டினத்தில் ஏறினேன். முதலில் அலறினேன். பிறகு சிரிப்பை நிறுத்த முடியவில்லை.

"அம்மா, ஒன் மோர் டைம்!" என்றாள்.

கீழே நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. அவர்களுக்குக் கையசைத்துவிட்டு மறுபடி ஏறினேன், அத்தை.

என்றும் உங்கள்
மருமகள்